படகு வாங்கியவரும் நுகர்வோர்தான்

“படகு தொழிலுக்கு வாங்குன பொருள் தம்பி. நுகர்வோர் கோர்ட்டுல எல்லாம் அது செல்லாது.”

பழவேற்காடு முதல் குமரி வரை, புதுப் படகு பழுதாகிக் கரையேறிக் கிடக்கிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். படகைக் கட்டிக் கொடுத்த யார்டுக்காரர் சொன்னால் புரிந்துகொள்ளலாம். அவர் பிழைப்பு அதில் இருக்கிறது. மீனவர் சங்கத்துக்காரர்களும் இதையே சொல்கிறார்களே, அதுதான் புரியவில்லை. கோர்ட் வாசலில் மேசை போட்டிருக்கும் வழக்கறிஞர் சொல்கிறார், கடன் கொடுத்த வங்கி மேலாளரும் சொல்கிறார். சொல்லிச் சொல்லியே அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. சட்டத்தில் பாதிதான் அப்படி இருக்கிறது. மீதிப் பாதியை விழுங்கிவிட்டுத்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

விழுங்கிய பாதி எது என்று பார்ப்போம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 2(7) யார் நுகர்வோர் என்று வரையறுக்கிறது. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அதில் இருப்பது உண்மை. யார்டுக்காரர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார். ஆனால் அதே பிரிவுக்குக் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது: தானே உழைத்து, சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே ஒருவர் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. இந்த விளக்கம் நேற்று வந்ததும் அல்ல. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலேயே 1993 திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. முப்பது ஆண்டுக்கு மேலாக இருக்கிற ஒரு விதி நம் கடற்கரைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்த விளக்கத்துக்கு உயிர் கொடுத்த வழக்கு நமக்குப் பக்கத்து ஊர் வழக்கு. இயந்திரத்தைச் செய்து விற்றது கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். வாங்கியவர்கள் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ். 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி. வாங்கியவர்கள் அந்த வழக்கில் தோற்றார்கள். அவர்கள் வாங்கியது பெரிய உற்பத்திக்கான இயந்திரம், ஆகவே அவர்கள் நுகர்வோர் அல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இந்தத் தோல்வியை மட்டும் தூக்கிக்கொண்டு வருவார்கள். தீர்ப்பின் உள்ளே போய்ப் படித்தால் கதை வேறு. கார் வாங்கித் தானே டாக்சியாக ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான் என்கிறது அது. தட்டச்சு இயந்திரம் வாங்கித் தானே தட்டச்சு செய்து சம்பாதிப்பவரும் அப்படியே. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டால் அந்தத் தகுதி போய்விடாது. பொருளின் விலை முக்கியமல்ல, அது எதற்குப் பயன்படுகிறது என்பதே முக்கியம். ஒவ்வொரு வழக்கிலும் உண்மை நிலவரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டாக்சி ஓட்டுகிறவர் நுகர்வோர் என்றால், தன் படகில் தானே ஏறித் தானே வலை இழுக்கிறவர் எப்படி வணிகர் ஆனார்? இதற்கு நேரான பதில் இதுவரை யாரிடமிருந்தும் எனக்குக் கிடைத்ததில்லை. கேட்கும்போதெல்லாம் ஆள் கணக்குக்குத் தாவிவிடுகிறார்கள். “ஓரிருவர்னுதானே சொல்லியிருக்கு? பைபர் படகுல நாலு பேர், அஞ்சு பேர் போறாங்களே?”

கடலையும் கரையில் நடக்கும் கணக்கையும் பார்க்காதவர்கள் எழுப்புகிற கேள்வி இது. கரை வந்ததும் மீன் ஏலத்துக்குப் போகிறது. ஏலத் தொகையில் எண்ணெய், ஐஸ், சாப்பாடு, படி எல்லாம் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பங்கு வைக்கிறார்கள். முறை ஊருக்கு ஊர் மாறும். படகுக்கு இத்தனை, எஞ்சினுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஏறிப் போன ஆளுக்குத் தலைக்கு ஒரு பங்கு என்று போகும். ஏறிப் போகிற நாலு பேரும் சம்பளத்துக்கு வந்த கூலிகள் அல்ல. மீன் பட்டால் அவர்களுக்கும் உண்டு, படாவிட்டால் அவர்களுக்கும் இல்லை. பெரும்பாலும் ஒருவர் தம்பி, ஒருவர் மச்சான், ஒருவர் பக்கத்து வீட்டுப் பையன். செங்கல் செய்யும் இயந்திரம் பற்றிய சீமா இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சுயதொழில் என்பதில் குடும்பத்தாரின் உழைப்பும் அடங்கும் என்றே பார்த்தது. ஓரிருவர் என்று 1995-இல் சொன்னது ஓர் உதாரணத்துக்காக. அதை உச்ச வரம்பாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். ஒற்றை ஆளாய்க் கடலுக்குப் போய் வலை வளைக்க முடியாது என்பது நீதிமன்றத்துக்கும் விளங்கும், எடுத்துச் சொன்னால்.

அந்தப் பங்குச் சீட்டை இன்னொரு முறை பாருங்கள். படகின் சொந்தக்காரர் தானும் கடலுக்குப் போகிறவராக இருந்தால் அவர் பெயர் இரண்டு இடத்தில் வரும். ஒன்று படகுப் பங்கு. மற்றது ஏறிப் போன ஆளுக்கான பங்கு. முதல் வரி அவரை முதலாளி என்று சொல்லும். இரண்டாவது வரி அவர் தொழிலாளி என்கிறது. அந்த இரண்டாவது வரிதான் அவர் நுகர்வோர் என்பதற்கு அத்தாட்சி. வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே பத்திரப்படுத்த வேண்டிய காகிதம் அது. நம்முடைய ஊர்களில் ஏலம் முடிந்த சாயங்காலமே கசங்கிக் குப்பைக்குப் போய்விடுகிறது. ஏலக்காரரிடம் அடிச்சீட்டு இருக்கும், கேட்டால் கொடுப்பார். மீனவர் நல வாரிய அட்டை, மீன்வளத் துறை கொடுத்த அடையாள அட்டை இரண்டும் கூடவே இருந்தால் இன்னும் உறுதி.

எதிர்வாதத்தில் ஒரு பங்கு நியாயம் இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாலைந்து விசைப்படகு வைத்துக்கொண்டு, டிரைவரையும் ஆட்களையும் அனுப்பிவிட்டு வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கிறவர் இந்த விளக்கத்துக்குள் வரமாட்டார். அவருக்குச் சிவில் கோர்ட்டுதான் வழி. ஆனால் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை, ஒற்றைப் பைபர் படகுக்காக மனைவியின் நகையை அடகு வைத்தவரிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

வணிக நோக்கம் என்று யார் நிரூபிக்க வேண்டும் என்பதிலும் குழப்பம் பரப்பப்படுகிறது. 2024 மே மாதம் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியது. பணம் கொடுத்துப் பெற்றேன் என்று முதலில் காட்ட வேண்டியவர் வாங்கியவர். அது வணிக நோக்கத்துக்கானது என்று நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்பின் தலையில். அவர்கள் அதை நிரூபித்துவிட்டால்தான், பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்டும் பொறுப்பு மறுபடி வாங்கியவரிடம் வரும். அது சேவை பற்றிய வழக்கு. ஆனாலும் அலசியது இதே பிரிவின் கட்டமைப்பைத்தான். “நீ நுகர்வோர்னு நிரூபி” என்று மேசையைத் தட்டுகிறவரிடம், நான் வணிகன் என்று முதலில் நீங்கள் நிரூபியுங்கள் என்று திருப்பிச் சொல்ல இப்போது இடம் இருக்கிறது.

அடுத்த வாதம் இதைவிடப் பிரபலம்: “பாத்துத்தானே எடுத்துட்டுப் போனீங்க? தண்ணியில எறக்கின பிறகு எங்க பொறுப்பு இல்ல.”

வட கடலோரக் குப்பம் ஒன்றில் மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகைப் பார்த்தேன். ஒரு மழைக்காலம்கூடத் தாண்டாத படகு. வெளியில் நீல வண்ணம் பளபளத்தது. முன்முனையான அணியத்தில் மாதா படம்கூட மங்கவில்லை. படகு கட்டும் வயதான ஓடாவி ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, அடிக்கட்டையான ஏராவை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்டுக்கொண்டு வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தது. “இங்க உள்ள காத்து நிக்குது. ரெசின் மேட்டுல ஊறவே இல்ல.” இன்னும் ஒரு முழம் தள்ளி, சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பொடிப்பொடிக் கொப்புளங்கள். கத்தி முனையால் ஒன்றைக் குத்தினார். கசிந்த நீரை விரலில் தொட்டு என் மூக்கருகே நீட்டினார். புளித்த காடி நாற்றம்.

அந்த நாற்றத்துக்குப் பின்னால் நடந்தது இதுதான். பைபர் படகு என்பது கண்ணாடி இழையும் ரெசின் என்கிற பிசினும் சேர்ந்த அடுக்கு. அச்சில் முதலில் பூசுவது ஜெல்கோட். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். அதன் மேல் மேட், ரோவிங் என்கிற இழை விரிப்புகள் மாறிமாறி ரெசினில் நனைத்து அடுக்கப்படும். ரெசினை இறுக வைக்கும் வினையூக்கியை அளவு குறைத்துப் போட்டாலோ, மழை ஈரத்தில் அவசரமாக அடித்தாலோ, ரோலரை அழுத்தி உருட்டிக் காற்றை வெளியேற்றாமல் விட்டாலோ அடுக்கு சரியாக இறுகாது. இறுகாத இடத்தில் ஜெல்கோட்டைத் தாண்டிக் கடல்நீர் மெல்ல உள்ளே புகும். இறுகாமல் நின்ற ரசாயனத்தைக் கரைத்துக்கொண்டு கொப்புளமாகக் கிளம்பும். மேட்டில் ஒரு அடுக்கைக் குறைத்தால் யார்டுக்குக் காசு மிச்சம். அலையில் ஏறி இறங்கும்போது அந்த அடுக்கு இல்லாத இடம்தான் முதலில் வெடிக்கும். இதில் எதுவும் படகை எடுக்கும் நாளன்று கண்ணுக்குத் தெரியாது. வண்ணம் எல்லாவற்றையும் மூடியிருக்கும்.

இதைச் சட்டம் எப்போதோ யோசித்துவிட்டது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. இன்ன வேலைக்குப் பொருள் வேண்டும் என்று விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவர் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது எழுதாமலே ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. கடலுக்குப் போகாத படகை யாரும் யார்டில் போய்க் கேட்பதில்லை. வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. அடுக்குக்குள் நிற்கும் காற்று, மணலில் நின்று பார்த்தால் தெரியும் குறையா? ஆகவே ‘பாத்துத்தானே எடுத்தீங்க’ என்பது சட்டத்தின் முன் நிற்காது.

ஓர் எச்சரிக்கை. வெளிப்படையாக ஒப்புக்கொண்டு இந்த நிபந்தனையை விலக்கி வைக்கலாம் என்றும் அதே 1930 சட்டம் சொல்கிறது. அதனால் யார்டில் நீட்டுகிற அச்சடித்த தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமான நியாயமற்ற ஒப்பந்தம் என்று சொல்லி அதை எதிர்க்க 2019 சட்டம் மாநில நுகர்வோர் ஆணையத்தில் வழி வைத்திருக்கிறது. பில்லின் அடியில் பொடி எழுத்தில், வழக்கு இன்ன ஊர் நீதிமன்றத்தில் மட்டுமே என்றோ, தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும் என்றோ அச்சடித்திருப்பார்கள். இரண்டும் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது. நீங்கள் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது பிரிவு 34. மத்தியஸ்த விதி நுகர்வோர் ஆணையத்தைத் தடுக்காது என்பதை 2018-இல் எம்மார் எம்.ஜி.எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

உள்ளே இருக்கும் குறையை எப்படி நிரூபிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓடாவியின் நாணயம் நமக்குப் போதும், ஆணையத்துக்குப் போதாது. பிரிவு 38 வழி சொல்கிறது: சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலை வந்தால், ஆணையம் மாதிரியை எடுத்து முத்திரையிட்டு, தகுதியான ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாளில் அறிக்கை கேட்கலாம். அதற்கான கட்டணத்தை முதலில் புகார் கொடுத்தவரைக் கட்டச் சொல்லலாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படகையே ஆய்வகத்துக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை. ஒரு சிறு துண்டை அறுத்து எடுத்தால் போதும். உலையில் சூடேற்றினால் ரெசின் எரிந்து போய்க் கண்ணாடி இழை மட்டும் மிஞ்சும். எடை போட்டால் எவ்வளவு இழை, எவ்வளவு பிசின் என்று தெரிந்துவிடும். மிஞ்சிய இழையை ஏடு ஏடாகப் பிரித்து அடுக்கையே எண்ணலாம். கொட்டேஷனில் எழுதியிருக்கிற அடுக்கு எத்தனை, துண்டில் இருக்கிற அடுக்கு எத்தனை? இதற்கு மேல் சாட்சி எதற்கு? கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, சென்னையில் ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. படகின் நிலையை நேரில் பார்த்து எழுத வழக்கறிஞர் ஆணையரையும் கடல்சார் சர்வேயரையும் நியமிக்கும்படி ஆணையத்திடம் மனுப் போடலாம். அதற்கு முன்னால் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு: “நாங்களே இலவசமா சரி பண்ணித் தர்றோம்” என்று யார்டு ஆள் வந்து தேய்த்து, புட்டி பூசி, வண்ணம் அடிக்க விடுவது. நாணயம் தட்டிய சத்தம், கொப்புளம், வெடிப்பு எல்லாவற்றையும் தேதியோடு வீடியோ எடுத்த பிறகுதான் யாரும் கை வைக்கலாம்.

“பில்லே இல்லையே?” என்பார்கள். பில் இல்லாத படகு கிடையாது. பில் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்தான் இருக்கிறார்கள். கடனில் வாங்கியிருந்தால் கொட்டேஷனும் பணம் போன கணக்கும் வங்கிக் கோப்பில் இருக்கும். பதிவு செய்திருந்தால் படகின் அளவும் ஆய்வுக் குறிப்பும் மீன்வளத் துறை அலுவலகத்தில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம். யார்டுக்காரர் வாட்ஸாப்பில் அனுப்பிய குரல் பதிவுகூடச் சான்றுதான். விசைப்படகு என்றால் கடலுக்குப் போக வாங்கிய அனுமதிச் சீட்டும் டீசல் பாஸ் புத்தகமும் இருக்கின்றன. எந்த நாளில் படகு கடலுக்குப் போகவில்லை என்பதை அவையே சொல்லும், அந்த நாளின் வருமான இழப்புக்கும் அதுவே ஆதாரம். (கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தை இழப்புக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.)

மானியப் படகு, தொண்டு நிறுவனம் கொடுத்த படகு என்றால் வாயே திறக்கக் கூடாது என்கிற எண்ணம் இன்னும் ஆழமானது. “சும்மா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?” 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கரைக்கு ஆயிரக்கணக்கில் பைபர் படகுகள் வந்தன. ஆர்டரின் அவசரத்தில் புதுப் பட்டறைகள் முளைத்தன. தரம் குறைந்த படகுகள் வந்து இறங்கின. கொடுத்தவர்களின் மனம் நோகக் கூடாது என்று ஊர் வாயை மூடிக்கொண்டது. அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. ஆனால் மானியப் படகு சும்மா வந்தது அல்ல. பாக் நீரிணைப் பகுதி மீனவர்களுக்கு 2017-இல் வந்த ஆழ்கடல் படகுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது படகு ஒன்று 80 லட்சம் ரூபாய். அதில் மத்திய, மாநில அரசுகளின் பங்கு போக 16 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் மீனவர் கையிலிருந்து. அதற்குப் பெயர் தானமா? முழுக்க இலவசமாக வந்த படகுக்கும் வாதிட இடம் உண்டு. காசு கொடுத்து வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரையும் நுகர்வோர் என்று அதே பிரிவு 2(7) சேர்த்துக்கொள்கிறது. இன்னொருவர் பணம் கட்டினார் என்பதால் யார்டின் கடமை குறைந்துவிடாது.

ஊர்ப் பஞ்சாயத்து போதாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். வலை கிழிந்த தகராறு, எல்லைத் தகராறு எல்லாவற்றையும் ஊர்தான் தீர்த்து வைக்கிறது. அந்த அமைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஊர்க் கட்டுப்பாடு ஊராருக்குத்தான். இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற யார்டுக்காரருக்கு உங்கள் ஊர்த் தலைவர் யார்? அதோடு அதே யார்டில் ஊரில் பாதிப் பேருக்குப் பாக்கி இருக்கும். கடன் கொடுத்தவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல யார் முன்வருவார்? “பத்தாயிரம் வாங்கிக்க, விட்டுரு” என்றுதான் அது முடியும். சமரசம் வேண்டுமென்றால் ஆணையத்திலேயே சமரச மையம் இருக்கிறது. புகாரைப் பதிவு செய்த பிறகு அங்கே உட்கார்ந்து பேசுங்கள், அப்போது எதிரில் இருப்பவரின் குரல் வேறு மாதிரி இருக்கும்.

மிச்சம் இருப்பது ஒரே வாதம்: கோர்ட்டுக்குப் போனால் காலம் போய்விடும். இதை முழுக்க மறுக்க என்னால் முடியாது. சோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும் சோதனை தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எத்தனை மாவட்டத்தில் அப்படி நடக்கிறது என்று கேட்டால் நான் தலை குனிய வேண்டியிருக்கும். தலைவரும் உறுப்பினரும் நியமிக்கப்படாமல் ஆணையங்கள் காலியாகக் கிடந்ததை உச்ச நீதிமன்றம் 2021-இல் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். தோற்ற யார்டு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடும் போகும்.

ஆனால் வேறு வழி எவ்வளவு மலிவு, எவ்வளவு வேகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சிவில் வழக்கில் கேட்கிற தொகைக்குத் தமிழ்நாட்டில் 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணம். பத்து லட்சத்துக்கு முப்பதாயிரம். நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400 ரூபாய், ஐம்பது லட்சம் வரை 1,000 ரூபாய். ஐம்பது லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இணையத்திலும் பதிவு செய்யலாம். மேல்முறையீடு போகிற யார்டு, தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். தீர்ப்பை மதிக்காவிட்டால் பிரிவு 72-இன்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, அபராதமும் உண்டு. ஒன்றுமே செய்யாமல் கரையில் உட்கார்ந்தாலும் அந்தக் காலம் போகத்தான் போகிறது. வட்டி மட்டும் நின்றுவிடுமா?

கேட்கக்கூடியதும் கொஞ்சம் அல்ல. குறையை நீக்கித் தரச் சொல்லலாம், வேறு படகு கேட்கலாம், கொடுத்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். யார்டின் அலட்சியத்தால் வந்த இழப்புக்கு ஈடும் கேட்கலாம். படகு நடுக்கடலில் பிளந்து ஆள் போயிருந்தால் அது தனி அத்தியாயம். உற்பத்திக் குறையால் வந்த உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தயாரித்தவரைப் பொறுப்பாக்கும் பிரிவுகள் 2019 சட்டத்தில் புதிதாக வந்தவை. அந்த வழக்கை அனுபவமுள்ள வழக்கறிஞர் வழியாகவே நடத்துங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே அங்கே இலவச உதவி உண்டு.

என் வருத்தம் யார்டுக்காரர்கள் மேல் இல்லை. அவர்கள் வியாபாரிகள்; முடிந்த வரை தள்ளித்தான் பார்ப்பார்கள். வருத்தம் எல்லாம் சங்கங்கள் மேல். டீசல் மானியத்துக்கு மறியல் செய்யத் தெரிகிறது, கலெக்டர் அலுவலக வாசலில் பந்தல் போடத் தெரிகிறது. ஒரே அச்சில் வார்த்த பத்துப் படகு ஒரே இடத்தில் வெடித்தால் பத்துப் பேரையும் தனித்தனியாக யார்டு வாசலுக்கு அனுப்பிவிட்டு, “பேசிப் பாருங்கப்பா” என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பிரிவு 35(1)(சி) ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரிப் பாதிப்பு உள்ள நுகர்வோர் பலருக்காக, ஆணையத்தின் அனுமதியோடு ஒருவரோ சிலரோ சேர்ந்து ஒரே புகார் கொடுக்கலாம். சோதனைச் செலவு பத்தாகப் பிரியும். பத்துப் படகில் அறுத்த பத்துத் துண்டு ஒரே கதையைச் சொன்னால் எந்த யார்டும் தற்செயல் என்று தப்ப முடியாது.

சங்கச் செயலாளர்களே, அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். புதுப் படகில் குறை கண்டவர்கள் இன்றைக்கே யார்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்: என்ன குறை, எப்போது தெரிந்தது, என்ன வேண்டும் என்று மூன்று வரி போதும். காலம் தாழ்த்திப் படகை வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகக் கருத 1930 சட்டத்தில் இடம் உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. சந்தேகம் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே கேளுங்கள்.